இரவில் அறிக்கை சுமந்து போகும் காவலர்

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. எண்ணெய் தேய்ப்பதை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. அண்ணனையும் காலை நடையை விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல். இங்கே எல்லோரும் நலம். சின்னவன் ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். வீட்டில் பேச ஆள் குறைந்ததில் வருத்தம்தான், ஆனால் எழுத நேரம் கூடியிருக்கிறது.

நாவல் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கூடவே, "கதை எழுதுகிறவளுக்கு எதற்குச் சட்டப் பிரிவும் பிணவறையும்? வாசகனுக்குக் கதை ஓடினால் போதாதா?" என்றும் கேட்டிருந்தாய். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் கேட்கும் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம் நீளப் போகிறது.

கதை உனக்கு ஓரளவு தெரியும். 2019 மே மாதம், தாமிரபரணியில் ஒரு படித்துறைக்குக் கீழே நெல் வியாபாரி ஒருவரின் உடல் ஒதுங்குகிறது. குளிக்கப் போனவர் கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்று ஊர் சொல்கிறது. அவ்வளவுதான் ஆரம்பம். இதை வைத்துக்கொண்டு, புத்திசாலியான ஓர் ஆய்வாளர் வருகிறார், ஒரு பொத்தானையோ சிகரெட் துண்டையோ கண்டெடுக்கிறார், கடைசியில் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துக் கொலையாளியைச் சுட்டிக்காட்டுகிறார் என்று எழுதிவிடலாம். நாம் கல்லூரியில் மாற்றி மாற்றிப் படித்த மாத நாவல்களில் பாதி அப்படித்தான் முடிந்தன. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நம் ஊரில் ஒரு மனிதர் சந்தேகத்துக்கு இடமாகச் செத்துப்போனால் உண்மையில் என்னென்ன நடக்கும், யார் யார் வருவார்கள், என்ன எழுதுவார்கள் என்று தெரிந்துகொள்ள இறங்கினேன். தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ளக் கதையின் நாயகனே மாறிவிட்டான்.

முதலில் எங்கே படித்தேன் என்று சொல்கிறேன், உன் மாணவர்கள் யாராவது எழுத வந்தால் அவர்களுக்கும் உதவும். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள். கொலை வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒவ்வொன்றும் ஒரு நாவலின் எலும்புக்கூடு. யார் முதலில் உடலைப் பார்த்தார், எத்தனை மணிக்குக் காவல் நிலையம் போனார், உதவி ஆய்வாளர் எந்தக் குற்ற எண்ணில் பதிவு செய்தார், ஆய்வாளர் எப்போது விசாரணையை எடுத்துக்கொண்டார் என்று வரிசையாக வரும். அதிலும் விடுதலை செய்த தீர்ப்புகளைத்தான் தேடித் தேடிப் படிக்க வேண்டும். தண்டனை கொடுத்த தீர்ப்பில் நடைமுறை சரியாக நடந்திருக்கும், அதனால் அது கண்ணில் படாது. விடுதலைத் தீர்ப்பில் எந்த இடத்தில் நூல் அறுந்தது என்று நீதிபதி விரல் வைத்துக் காட்டியிருப்பார்.

அப்படிப் படித்ததில் திரும்பத் திரும்ப வந்த ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் தகவல் அறிக்கை நீதித்துறை நடுவரின் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது? கொலை வழக்கில் அதை உடனே அனுப்பியாக வேண்டும். எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்பார்கள். நள்ளிரவானாலும் ஒரு காவலர் அதை எடுத்துக்கொண்டு நடுவரின் வீட்டுக் கதவைத் தட்டுவார். நடுவர் வாங்கிக்கொண்ட நாளையும் நேரத்தையும் அதிலேயே குறித்துக் கையெழுத்துப் போடுவார். அந்தக் குறிப்பு பிற்பாடு வழக்கின் உயிராகிவிடும். மாலை ஏழு மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் அறிக்கை மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்திருந்தால், எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு, வழக்கறிஞர் கேட்பார்: இடைப்பட்ட நேரத்தில் என்ன செய்தீர்கள்? உட்கார்ந்து யோசித்து, வேண்டியவர் பெயரை நீக்கி, வேண்டாதவர் பெயரைச் சேர்த்தீர்களா? தகுந்த காரணம் சொன்னால் தப்பலாம். சொல்லாவிட்டால் மொத்த வழக்கின் மேலும் சந்தேகம் படிந்துவிடும்.

அந்தக் காவலரை நினைத்துப் பார், கோமதி. ஒன்றரை மணிக்கு, மழையிலோ புழுக்கத்திலோ, மோட்டார் சைக்கிளில் முப்பது கிலோமீட்டர் போகிறார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதில் அவருக்குப் பங்கில்லை. வழியில் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் ஒரு கொலையாளி வெளியே வந்துவிடலாம், அல்லது நிரபராதி ஒருவர் தப்பலாம். விசாரணையில் அவரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள். தீர்ப்பில் அவர் ஓர் எண்ணாக, அரசுத் தரப்புச் சாட்சி பதினான்கு என்றோ பதினைந்து என்றோ வந்து போவார். என் நாவல் இப்போது அவருடையது.

ஆனால் என் கதையில் ஆரம்பத்தில் கொலை வழக்கே இல்லை. ஆற்றில் உடல் கிடைத்தால் முதலில் சந்தேக மரணம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் பதிவு செய்வார்கள். பிரேதப் பரிசோதனையில் வேறு விதமாகத் தெரிந்தால் கொலைக்கான பழைய தண்டனைச் சட்டப் பிரிவு 302-க்கு மாற்றி, சட்டப்பிரிவு மாற்ற அறிக்கை ஒன்றை நடுவருக்கு அனுப்புவார்கள். என் காவலர் இரவில் சுமந்து போவது அந்த அறிக்கையைத்தான்.

2019-ஐ ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று உனக்குத் தோன்றும். 2024 ஜூலை 1 முதல் அடிப்படைக் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டன. 302 இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. 174 இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194. எண்கள் மாறியது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறது புதிய சட்டம், அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் கொடுத்திருக்கிறது. சோதனை போட்டுப் பொருட்களைக் கைப்பற்றுவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நல்ல மாற்றங்கள், வரவேற்கிறேன். ஆனால் நான் எழுத விரும்புவது, யாரைக் கூப்பிடுவது என்று ஓர் ஆய்வாளர் தன் மனச்சாட்சியைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியிருந்த காலத்தை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அப்போதெல்லாம் பொழுது சாய்ந்தபின் பிரேதப் பரிசோதனை கிடையாது. 2021 நவம்பரில்தான் வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று மத்திய சுகாதாரத் துறை அனுமதித்தது. அப்போதும் கொலை, தற்கொலை, அழுகிய உடல், சந்தேக மரணம் போன்றவற்றை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய, அந்த அனுமதியிலிருந்து விலக்கிவைத்தார்கள். என் கதையில் உடல் மாலையில் கிடைக்கிறது. ஆக, ஹைகிரவுண்ட் மருத்துவமனைப் பிணவறையில் ஓர் இரவு கிடக்கிறது. வெளியே உறவினர்கள் வேப்பமரத்தடியில் விடிய விடியக் காத்திருக்கிறார்கள். அந்த ஓர் இரவுக்காக மூன்று அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன், ஒரு குடும்பத்தின் உள்விவகாரம் முழுவதும் அங்கேதான் வெளியே வருகிறது.

இப்போது மருத்துவப் பக்கத்துக்கு வருகிறேன். நீ முகத்தைச் சுளிப்பாய், பொறுத்துக்கொள். சாகும் நேரத்தைக் கணிப்பது பற்றி நாம் தொலைக்காட்சியில் பார்ப்பதெல்லாம் குளிர்நாட்டுக் கணக்கு. உடலின் சூடு மணிக்கு இவ்வளவு குறையும், அதை வைத்து நேரத்தைச் சொல்லலாம் என்பார்கள். திருநெல்வேலி மே மாதத்தில் காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது உடல் எப்படிக் குளிரும்? சூடு ஏறவும் வாய்ப்புண்டு. விறைப்பும் அப்படித்தான். நம் வெயிலில் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் விட்டுப்போகும். வெளியில் கிடக்கும் உடலில் ஒரு நாளுக்குள்ளேயே வலது அடிவயிற்றில் பச்சை படர ஆரம்பித்துவிடும். அதனால் நம் மருத்துவர்கள் அறிக்கையில் ஒரு மணியைக் குறிப்பிட மாட்டார்கள். பரிசோதனைக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி நேரத்துக்கு முன் இறந்திருக்கலாம் என்று ஒரு வீச்சைத்தான் கொடுப்பார்கள். "சரியாக இரவு பத்து இருபதுக்கு" என்று சொல்லும் மருத்துவரைக் கதையில் கண்டால் இனி எனக்கு நம்பிக்கை போய்விடும்.

நேரத்தை நெருங்க இன்னொரு வழி இரைப்பை. அறிக்கைகளில் பாதி செரித்த சோறு இவ்வளவு கிராம் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். இதை வைத்து ஒரு காட்சி அமைத்திருக்கிறேன், உனக்குப் பிடிக்கும். வியாபாரியின் இரைப்பையில் சோற்றோடு முருங்கைக்காய் நாரும் பீன்ஸ் துண்டும் இருந்தன என்று மருத்துவர் எழுதுகிறார். மருத்துவர் வடமாவட்டத்துக்காரர், அவருக்கு அது வெறும் காய்கறி. பிணவறை உதவியாளர் நம் ஊர்க்காரர், அவர் மெல்லச் சொல்கிறார்: "ஐயா, இது சொதி மாதிரி இருக்கிறது. நேற்று யார் வீட்டிலாவது மறுவீடு நடந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள்." நம் பக்கம் மறுவீட்டு விருந்து என்றால் தேங்காய்ப்பால் சொதிதானே. எந்தப் பந்தியில், யார் பக்கத்தில் உட்கார்ந்து கடைசியாகச் சாப்பிட்டார் என்று விசாரணை அங்கிருந்து திரும்புகிறது. உணவு செரிப்பது ஆளுக்கு ஆள், மனநிலைக்கு மனநிலை மாறும் என்பதால் நீதிமன்றம் இதை மட்டும் நம்பாது. ஆனால் எங்கே போய்க் கேட்பது என்று வழி காட்டப் போதும்.

நீரில் மூழ்கிச் செத்தாரா, செத்தபின் நீரில் போட்டார்களா என்பதுதான் கதையின் முடிச்சு. உயிரோடு மூழ்கியவரின் வாயிலும் மூக்கிலும் மெல்லிய வெண்ணுரை கட்டும். துடைத்தால் மறுபடியும் வரும். கைக்குள் பாசியோ மணலோ இறுகிப் பிடித்தபடி இருந்தால், விழும்போது உயிர் இருந்தது என்பதற்கு அது வலுவான அடையாளம். என் வியாபாரியின் கைகள் விரிந்து கிடக்கின்றன. உள்ளங்கைத் தோல் சுருங்கி வெளுத்திருக்கிறது, ஆனால் அது செத்தபின் தண்ணீரில் கிடந்தாலும் வரும். அதை வைத்து உதவி ஆய்வாளர் மூழ்கிச் செத்ததாகவே நினைக்கிறார்.

அடுத்து டயாட்டம் சோதனை. ஆற்று நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் இருக்கின்றன, அவற்றுக்கு மணல்சத்தில் ஆன ஓடு உண்டு. உயிரோடு மூழ்குகிறவர் தண்ணீரை உள்ளே இழுக்கும்போது அவை நுரையீரலுக்குள் போய், இரத்தத்தில் கலந்து, ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தின் தயவால் எலும்பு மஜ்ஜை வரைக்கும் போய்ச் சேரும். நின்றுபோன இதயம் அவற்றை அனுப்பாது. தொடை எலும்பின் மஜ்ஜையை எடுத்து நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் சதை எல்லாம் கரைந்துவிடும், அந்த ஓடுகள் மட்டும் கரையாமல் நிற்கும். அவற்றை அதே ஆற்று நீரில் எடுத்த மாதிரியோடு ஒப்பிடுவார்கள். முடிந்த முடிவான சோதனை என்று நிபுணர்களே சொல்வதில்லை. இருந்தாலும், ஒரு மனிதர் கடைசியாக மூச்சு இழுத்தாரா இல்லையா என்பதற்குத் தாமிரபரணியே சாட்சி சொல்ல வருவதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கழுத்தில் நாக்குக்கு அடியில் இருக்கும் சின்ன எலும்பு ஒன்று இருக்கிறது. கழுத்தை நெரித்தால் அது முறியலாம். இளம் வயதில் அது வளைந்து கொடுத்துவிடும், நாற்பது தாண்டியவர்களுக்கு எளிதில் முறியும். என் வியாபாரிக்கு ஐம்பத்தாறு வயது. எலும்பு முறிந்திருக்கிறது, சுற்றியுள்ள தசையில் இரத்தம் கட்டியிருக்கிறது. அன்று மாலை 174 கொலை வழக்காகிறது.

உள்ளுறுப்புகளையும் தொடை எலும்பையும் காவலர்கள் தாங்களாகவே ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. 95-ஆம் எண் படிவத்தோடு நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆய்வாளர் வேண்டுகோள் கொடுக்க, நடுவர் தன் கடிதத்தோடு தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார். ஒவ்வொரு கை மாறும்போதும் முத்திரையும் கையெழுத்தும் வேண்டும். இரத்தம் படிந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் கிருமி பெருகி மரபணுச் சோதனைக்கு உதவாமல் போய்விடும். நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடிக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைத் தெரிந்த ஒரு தலைமைக் காவலரால் ஒரு வழக்கு நிற்கும், தெரியாதவரால் விழும்.

தடய அறிவியலில் நமக்கு நீண்ட மரபு இருக்கிறது என்பதையும் இப்போதுதான் அறிந்தேன். சென்னையில் 1849-லேயே வேதியியல் ஆய்வாளரின் ஆய்வகம் தொடங்கிவிட்டது. உன் அப்பா நமக்குச் சொன்ன ஆளவந்தார் கொலை வழக்கு நினைவிருக்கிறதா? 1952-இல் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி, மானாமதுரையில் திறந்தால் தலையில்லாத உடல். தலை சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவைதான் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் நிறுவினார்கள். 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில், சிதறிக் கிடந்த துணுக்குகளை வைத்துக் குண்டு இடுப்புவார் போல உடம்பில் கட்டப்பட்டிருந்தது என்று நம் மாநில ஆய்வகத்தின் அன்றைய இயக்குநர் பி. சந்திரசேகரன் படிப்படியாக விளக்கினார். இத்தனையையும் வைத்துக்கொண்டு நம் குற்றக் கதைகள் ஏன் இன்னும் வெளிநாட்டு ஆய்வகத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

ஒப்புதல் வாக்குமூலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆய்வாளர் மேசையைத் தட்டுகிறார், குற்றவாளி உடைந்து அழுது எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறான், கதை முடிகிறது. சட்டத்தில் அந்த வாக்குமூலத்துக்கு மதிப்பே இல்லை. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை நீதிமன்றம் ஏற்காது. அதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்போடு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். 1946 டிசம்பரில் புலுக்குரி கோட்டையா வழக்கில், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கியது. 'கத்தியை என் வீட்டுக் கூரையில் மறைத்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்' என்பது செல்லும். 'அந்தக் கத்தியால்தான் அவனைக் குத்தினேன்' என்பது செல்லாது. ஒரே மூச்சில் சொன்னதை நடுவே வெட்டி, ஒரு பாதியை மட்டும் நீதிபதி பார்க்கிறார். சாட்சிகளிடம் காவலர்கள் பதிவு செய்யும் வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்று நீ கேட்க மாட்டாய். நம் பக்கத்துச் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் 2020 ஜூனில் என்ன ஆனார்கள் என்று நமக்குத் தெரியும். அதே நிலையத்தில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் நீதித்துறை நடுவரிடம் நடந்ததைச் சொன்னார். அடித்து உண்மையை வரவழைக்கும் ஆய்வாளரை வீரனாகக் காட்டும் ஒரு வரிகூட என் நாவலில் வராது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கதை ஓட வேண்டும்தான். ஆனால் ஒரு மனிதன் செத்தபின் சாட்சிகள் முன்னிலையில் சம்பவ இடத்தையும் பொருட்களையும் குறித்து அவனுக்காக எழுதப்படும் மகஜரும், அதில் போடப்படும் கையெழுத்தும், இரத்தம் படிந்த மண் ஒரு டப்பாவில், பக்கத்திலிருந்து எடுத்த சாதாரண மண் இன்னொரு டப்பாவில் என்று எடுத்து வைக்கும் கவனமும்தான் இந்தச் சமூகம் அவனுக்குச் செய்யும் கடைசி மரியாதை. அதைச் செய்கிறவர்கள் சாதாரண ஆட்கள். அவர்கள் கவனமாக இருப்பார்களா, அசந்துவிடுவார்களா, யாருக்காவது வளைந்து கொடுப்பார்களா என்பதைவிடப் பெரிய திகில் எனக்குத் தெரியவில்லை. கொலையாளி யார் என்பதை என் வாசகருக்குப் பாதியிலேயே சொல்லிவிடப் போகிறேன். அறிக்கை நேரத்துக்குப் போய்ச் சேருமா என்றுதான் அவர்கள் பக்கம் புரட்ட வேண்டும்.

விஷம் பற்றிய ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிட்டேன். எதைக் கொடுத்தால் சோதனையில் தெரியாது என்பதைக் கதைக்காகக்கூட எழுத மனம் வரவில்லை.

இனி உன்னிடம் ஓர் உதவி. உன் தம்பி சங்கரன் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன்தானே? தீர்ப்புகளில் அவன் பதவிக்காரர்கள் இல்லாத கொலை வழக்கே அபூர்வம். பார்வை மகஜரில் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான், எதிரி தானாக வந்து சரணடைந்து குற்றத்தை ஒத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறவரும் அவர்தான். முன்பின் தெரியாத ஒருவன் ஏன் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி வந்து மனம் திறந்தான் என்று நீதிபதிகள் பல தீர்ப்புகளில் கேட்டிருக்கிறார்கள். சங்கரனிடம் நான் வழக்கு விவரம் எதுவும் கேட்கப் போவதில்லை. இரவில் ஆள் அனுப்பி ஆற்றங்கரைக்குக் கூப்பிட்டால் கூடவே யாரை அழைத்துப் போவான், மகஜரை அவன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவானா அல்லது எழுதியதை வாசித்துக் காட்டுவார்களா, பல வருடம் கழித்துக் கூண்டில் ஏறும்போது அந்த இடம் அவனுக்கு நினைவில் இருக்குமா, இவ்வளவுதான் தெரிய வேண்டும்.

ஆடி பிறந்ததும் கோயம்புத்தூர் வருகிறேன். அவனுக்கு எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டு எழுது. பேச விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதே, உன்னைப் பார்க்க எப்படியும் வருவேன். முதல் ஆறு அத்தியாயங்களைத் தட்டச்சு செய்து கொண்டுவருகிறேன், சிவப்புப் பேனாவைத் தயாராக வைத்திரு.

அன்புடன்,
சரஸ்வதி